பாரிஸ் எப்படி உலகத்தின் தையற்கூடம் ஆனது? பிரெஞ்சு ஆடை வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடை வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள், தையற்கடை நடத்துபவர்கள், சும்மா தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதில்களும் ஒரே நீளத்தில் இருக்காது. சிலவற்றில் துணி நிறைய, சிலவற்றில் கொஞ்சம்.

நாகரிக உடை என்றாலே பாரிஸ் என்கிறார்களே, பிரெஞ்சுக்காரர்களுக்கு ரசனை பிறவியிலேயே அதிகமா?

இல்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பிய அரண்மனைகள் பார்த்துப் பின்பற்றியது பெரும்பாலும் ஸ்பெயினைத்தான். கறுப்பு உடை, கழுத்தைச் சுற்றிக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய மடிப்புப் பட்டை, அவ்வளவுதான் அன்றைய கம்பீரம். நல்ல பட்டு வேண்டுமா, இத்தாலி. நல்ல லேஸ் வேண்டுமா, வெனிஸ் அல்லது ஃபிளாண்டர்ஸ். பிரான்ஸ் பணம் கொடுத்து வாங்குகிற இடத்தில் இருந்தது.

இதைத் தலைகீழாக்கியவர் தையற்காரர் அல்ல, நிதியமைச்சர். பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர், ரேம்ஸ் நகரத்து வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். வெளிநாட்டு லேசுக்கும் பட்டுக்கும் நாட்டின் பணம் வெளியேறுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. 1665இல் அரசு ஆதரவோடு லேஸ் தொழிற்கூடங்களைத் தொடங்கினார், வெனிஸிலிருந்து கைதேர்ந்த பெண்களை வரவழைத்துக் கற்றுக்கொடுக்கச் செய்தார், வெளிநாட்டு லேசுக்குத் தடை போட்டார். லியோன் நகரத்துப் பட்டு நெசவுக்கு இழை எண்ணிக்கை வரை விதிகள் எழுதப்பட்டன. சரக்கு தயாரானதும் அதை விற்க ஆள் வேண்டுமே, அதற்கு மன்னரே இருந்தார். வெர்சாய் அரண்மனையில் யார் எந்த நிகழ்ச்சிக்கு என்ன உடுத்த வேண்டும் என்பதற்கு ஓயாத விதிகள். சிவப்புக் குதிகால் வைத்த காலணி மன்னரின் சபைக்கு உரியவர்களுக்கு மட்டும். பிரபுக்கள் கடன்பட்டாவது உடுத்தினார்கள். அவர்களைப் பார்த்து மற்ற நாட்டு அரசவைகள் உடுத்தின.

அதே மன்னர்தான் தன் காலிலேயே கோடரியையும் போட்டுக்கொண்டார். 1685இல் புராட்டஸ்டன்ட் மக்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையை ரத்து செய்தார். நெசவாளர்கள் பலர் தறி ஞானத்தோடு நாட்டை விட்டு ஓடினார்கள். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி பட்டுக்குப் பெயர் பெற்றதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

புகைப்படமும் தொலைக்காட்சியும் இல்லாத காலத்தில் பாரிஸ் உடை மற்ற நாடுகளுக்கு எப்படித் தெரிந்தது?

பொம்மைகள் மூலம். பாரிஸின் புதிய உடையை அளவு குறைத்துத் தைத்து, பொம்மைக்கு அணிவித்து, தலையலங்காரம் முதல் உள்பாவாடை வரை சரிபார்த்து, லண்டன், வெனிஸ் என்று அனுப்பினார்கள். அங்கிருந்த தையற்காரர் பொம்மையின் உடையைக் கழற்றி, தையல் எப்படிப் போகிறது என்று பார்த்து, உள்ளூர்ச் சீமாட்டிக்குத் தைத்துக் கொடுப்பார். இந்தப் பொம்மைகளுக்குப் 'பண்டோரா' என்று பெயர்.

இன்னொரு வழி அச்சு. 1672இல் தொடங்கிய 'மெர்க்யூர் கலான்' என்ற இதழ் அரசவை வம்புகளோடு இந்தப் பருவத்தில் எந்த நிறம், எந்தத் துணி என்றும் எழுதியது. 'போன வருஷத்துச் சட்டை' என்று ஒரு சட்டை கிழியாமலேயே பழையதாகிவிடும் என்ற எண்ணம் இப்படித்தான் நிலைபெற்றது. துணி வியாபாரிகளுக்கு இதைவிட இனிப்பான கண்டுபிடிப்பு வேறொன்று இருக்க முடியாது.

அன்று பெண்களின் உடையைத் தைத்தது பெண்களா?

1675 வரை சட்டப்படி இல்லை. தையல் என்பது ஆண் தையற்காரர்களின் தொழிற்சங்க உரிமை. பெண்கள் மறைவாகத் தைத்தார்கள். பிடிபட்டால் துணி பறிமுதல். அந்த ஆண்டு பாரிஸ் தையற்பெண்கள் மன்னரிடம் விண்ணப்பித்துத் தனிச் சங்கம் பெற்றார்கள். பெண்களைப் பெண்களே அளவெடுப்பது நாணத்துக்கு உகந்தது என்பது அவர்கள் வைத்த வாதங்களில் ஒன்று. வாதம் வென்றது. ஆனாலும் விறைப்பான உடற்கட்டையும் அரசவைப் பேருடையையும் தைக்கும் உரிமையை ஆண்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்தக் கதையில் நம் பக்கத்துக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

நிறையவே. இந்தப் பகுதி கொஞ்சம் நீளும்.

கோல்பேர் 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். 1674இல் புதுச்சேரியில் அவர்கள் கால் ஊன்றினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சரக்குகளில் முக்கியமானது சீட்டித்துணி: பருத்தியில் கையால் வரைந்தும் அச்சுக்கட்டையால் பதித்தும் சாயமேற்றிய பூத்துணி. ஐரோப்பியர்களுக்கு அது மாயம் போல இருந்தது. அவர்கள் ஊர்ச் சாயம் தண்ணீர் பட்டால் கரையும். இந்தத் துணியோ துவைக்கத் துவைக்க மெருகேறியது. சீமாட்டியும் வாங்கினாள், வேலைக்காரியும் வாங்கினாள். லியோன் பட்டுக்காரர்களும் கம்பளி நெசவாளர்களும் அலறினார்கள்.

1686இல் தடை வந்தது. இறக்குமதி செய்யக்கூடாது, பிரான்சுக்குள் அச்சிடக்கூடாது, பின்னர் உடுத்தவே கூடாது. தெருவில் உடுத்தி வந்தால் அபராதம். 1759 வரை, அதாவது 73 ஆண்டுகள், தடை நீடித்தது. பலன்? கள்ளக்கடத்தல் செழித்தது. தடையை எழுதிய மன்னர் குடும்பத்து வட்டாரத்திலேயே அது மீறப்பட்டது. பதினைந்தாம் லூயியின் காதலி பொம்பதூர் சீமாட்டி தன் மாளிகையைச் சீட்டித்துணியால் அலங்கரித்திருந்தார். ஒரு துணியை நாகரிகமாக்க வேண்டுமானால் தடை செய்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தடை ஒரு பக்கம் இருக்க, ரகசியத்தைத் தெரிந்துகொள்ளும் முயற்சி இன்னொரு பக்கம் நடந்தது. 1730களில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயத்தொழிலாளர்கள் வேலை செய்வதைக் கூடவே இருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு ஒட்டி வைத்தார். 1742இல் கேர்து என்ற இயேசு சபைப் பாதிரியார் தாம் மதம் மாற்றிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்து நீண்ட கடிதம் எழுதினார். கடுக்காயையும் எருமைப் பாலையும் கலந்து துணியை ஊறவைப்பது, படிகாரம், சாயவேரில் கொதிக்கவைத்துச் சிவப்பு வாங்குவது, நீலம் படக்கூடாத இடத்தை மெழுகால் மூடுவது எல்லாம் அதில் இருக்கின்றன. கடிதம் பிரான்சில் அச்சானது. இன்றைய மொழியில் இதற்குத் தொழில் உளவு என்று பெயர். எழுதிக்கொண்டவர்களின் பெயர் நிலைத்தது. சொல்லிக்கொடுத்த சாயக்காரர்கள் பெயரில்லாமலே போனார்கள்.

தடை நீங்கிய மறு ஆண்டு, 1760இல், வெர்சாய்க்கு அருகே உள்ள ஜூயி என்ற ஊரில் ஓபர்காம்ஃப் அச்சுத்துணிக் கூடம் தொடங்கினார். இன்று 'துவால் த ஜூயி' என்று உலகமே கொண்டாடும் பிரெஞ்சுப் பூத்துணி அங்கே பிறந்ததுதான். தொடங்கியவர் ஜெர்மானியர், தொழில்நுட்பத்தின் வேர் இந்தியா, பெயர் மட்டும் பிரெஞ்சு.

இன்னும் இரண்டு இழைகளைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் நீலம் தோய்த்த 'கினே' துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கே அது பணத்துக்குச் சமமாகப் புழங்கியது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்கு இன்றும் 'மத்ராஸ்' என்றே பெயர். நம்மூர்க் கைலிக் கட்டம் அங்கே தேசிய உடையின் அடையாளமாகிவிட்டது.

மரி அந்துவானெத் அரசி உடைக்காகவே நாட்டைத் திவாலாக்கினாரா?

திவாலுக்குப் போர்க்கடன்தான் முதன்மைக் காரணம். அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிரான்ஸ் கொட்டிய பணத்தோடு ஒப்பிட்டால் அரசியின் பாவாடைகள் சில்லறை. ஆனால் கடன் பத்திரம் கண்ணுக்குத் தெரியாது, பாவாடை தெரியும்.

அவருடைய உடைகளுக்குப் பின்னால் இருந்தவர் ரோஸ் பெர்த்தன். சாதாரணக் குடும்பத்துப் பெண், பாரிஸில் 'பெரிய மொகலாயர்' என்று பொருள்படும் பெயரில் கடை வைத்திருந்தார். அரசியைச் சந்தித்து யோசனை சொல்லும் அவரை மக்கள் கேலியாக 'நாகரிகத்துறை அமைச்சர்' என்றார்கள். உடையைச் செய்தவரின் பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்தது ஏறக்குறைய இவரிலிருந்துதான்.

வேடிக்கை என்னவென்றால், அரசிக்கு மிகப் பெரிய கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்த உடைகளில் ஒன்று விலை உயர்ந்தது அல்ல. 1783இல் ஓவியர் எலிசபெத் விஜே லெப்ரன் அவரை எளிய வெள்ளை மஸ்லின் உடையில் வரைந்து கண்காட்சியில் வைத்தார். அரசி உள்ளாடையோடு நிற்கிறார் என்று கூச்சல் எழுந்தது. ஓவியத்தை எடுக்க வேண்டியதாயிற்று. லியோன் பட்டை விட்டுவிட்டு அந்நியப் பருத்தியை உடுத்துகிறாரே என்ற கோபமும் அதில் சேர்ந்திருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதே வெள்ளை மஸ்லின் ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது.

புரட்சி உடைச் சுதந்திரம் தந்ததா?

1793இல் யாரும் தம் பாலுக்கு ஏற்ற எந்த உடையையும் விருப்பப்படி உடுத்தலாம் என்று அரசாணை வந்தது. 'பாலுக்கு ஏற்ற' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1800இல் பாரிஸ் காவல்துறை, கால்சட்டை அணிய விரும்பும் பெண் முன்அனுமதி பெற வேண்டும் என்று உத்தரவிட்டது. அது செல்லாது என்று அரசு முறையாக அறிவித்தது 2013இல்.

உலகின் முதல் ஆடை வடிவமைப்பாளர் யார்?

வழக்கமாகச் சொல்லப்படும் பெயர் சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த். இவர் ஆங்கிலேயர். 1825இல் லிங்கன்ஷயரில் பிறந்து, இருபது வயதில் பிரெஞ்சு தெரியாமலே பாரிஸுக்கு வந்தவர். 1858இல் கூட்டாளி ஒருவரோடு த லா பே தெருவில் சொந்தக் கடை வைத்தார்.

அவர் என்ன மாற்றினார் என்பதை நம்மூர் வழக்கத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஜவுளிக்கடையில் துணி எடுத்து, டெய்லரிடம் கொடுத்து, 'கழுத்து இப்படி, கை இப்படி' என்று நாம் சொல்கிறோம் அல்லவா? வொர்த்துக்கு முன் பாரிஸ் சீமாட்டிகளும் அதையேதான் செய்தார்கள். வொர்த் துணியையும் தானே வைத்திருந்தார், வடிவத்தையும் தானே தீர்மானித்தார், மாதிரிகளை உயிருள்ள பெண்களுக்கு உடுத்திக் காட்டினார், ஓவியர் கையெழுத்துப் போடுவதுபோல் தன் பெயர் பொறித்த பட்டையை உடையின் உள்ளே தைத்தார். அவர் மனைவி மரி வெர்னே அந்த உடைகளை அணிந்து காட்டியவர்களில் முதன்மையானவர். மாடல் என்ற தொழிலின் வரலாறு அவர் பெயரோடுதான் தொடங்குகிறது. ஆஸ்திரியத் தூதரின் மனைவி மெட்டர்னிக் இளவரசி வொர்த் உடையில் அரண்மனைக்குப் போனார், பேரரசி யூஜெனி பார்த்தார். அதன் பிறகு வாடிக்கையாளர் வொர்த்தைத் தேடி வந்தாரே ஒழிய, வொர்த் யார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. தையற்காரர் எழுந்து நிற்பதும் சீமாட்டி உட்கார்ந்திருப்பதுமான வழக்கம் அங்கே முடிந்தது.

'ஓத் கூத்யூர்' என்றால் என்ன? விலை அதிகமான எல்லா உடையும் அதுதானா?

இல்லை. சொல்லுக்குப் பொருள் 'உயர்தையல்'. நம்மூர்க் கடைப் பலகைகளில் 'ஹாட் கூச்சர்' என்று பார்க்கிறேன். பிரெஞ்சில் அந்த 'ஹ' ஒலிக்காது.

1945 முதல் பிரான்சில் இது சட்டப் பாதுகாப்புப் பெற்ற சொல். ஆண்டுதோறும் ஒரு குழு கூடிப் பட்டியலிட்ட நிறுவனங்கள் மட்டுமே பயன்படுத்தலாம். பாரிஸில் தையற்கூடம் இருக்க வேண்டும், தனி வாடிக்கையாளருக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டும், ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், புதிய தொகுப்பைக் காட்ட வேண்டும். தொடக்கத்தில் ஒரு தொகுப்புக்கு 75 உடைகள் என்றிருந்ததைப் பின்னாளில் 25 வரை இறக்கிவிட்டார்கள். அந்த அளவுக்கு வேலையும் செலவும் இழுக்கும்.

கூடத்துக்குள் இரண்டு பிரிவுகள் உண்டு. கோட்டு போன்ற விறைப்பான உடைக்கு ஒன்று, காற்றில் அசையும் மெல்லிய உடைக்கு மற்றொன்று. முதலில் மலிவான பருத்தியில் மாதிரி தைத்து உடலில் வைத்துப் பார்த்துத் திருத்துவார்கள். அதற்கு 'துவால்' என்று பெயர். ஊசி பிடிக்கும் பெண்களை 'சின்னக் கைகள்' என்று அழைப்பது அங்கே வழக்கம். செல்லமாகச் சொல்கிறார்களா, கூலியைக் குறிக்கிறார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு ஐயம்.

பெண்களை இடுப்பிறுக்கியிலிருந்து விடுவித்தவர் யார்? ஷனேல்தானே?

அல்ல. அவர் கடை திறப்பதற்கு முன்பே, 1906 வாக்கில், பாரிஸ் வடிவமைப்பாளர் போல் புவாரே இடுப்பிறுக்கி தேவையில்லாமல் தோளிலிருந்து நேராக விழும் உடைகளைத் தைத்துவிட்டார். மதலேன் வியோனேவும் அதே காலத்தில் அதைச் செய்ததாகச் சொல்லிக்கொண்டார். டாக்டர்களும் பெண்ணுரிமைக்காரர்களும் அதற்கும் முன்னால் எதிர்த்து வந்தார்கள். புவாரே 1910இல் கணுக்காலருகே இறுகும் பாவாடையைக் கொண்டுவந்தார். அதை உடுத்தியவர்கள் கோழிக்குஞ்சு போலத்தான் அடியெடுத்து வைக்க முடியும். மார்பை விடுவித்துக் காலைக் கட்டிப்போட்டேன் என்று அவரே தன் நினைவுக் குறிப்புகளில் ஒப்புக்கொள்கிறார். ஆடைக்கூடமே நறுமணத் திரவியம் விற்கும் வழக்கத்தையும் அவர்தான் தொடங்கினார், அதற்கு மகள் ரோசினின் பெயரை வைத்தார். 1944இல் வறுமையில் இறந்தார்.

அப்படியானால் ஷனேல் செய்தது என்ன?

ஏழைத் துணியைப் பணக்காரர்களுக்கு விற்றார். 1910இல் பாரிஸில் தொப்பிக் கடை, 1913இல் தோவில் கடற்கரையூரில் கிளை. முதல் உலகப்போரில் துணித் தட்டுப்பாடு வந்தபோது, ஆண்களின் உள்ளாடைக்குப் பயன்பட்ட ஜெர்சித் துணியில் மேலுடை தைத்தார். 1926இல் அவருடைய எளிய கறுப்பு உடையை அமெரிக்க வோக் இதழ் ஃபோர்டு காருக்கு ஒப்பிட்டது: எல்லோருக்கும் பொருந்துவது, ஒரே நிறத்தில் வருவது. அதுவரை கறுப்பு துக்கத்துக்கும் கடைப் பணிப்பெண்களுக்கும் உரியதாக இருந்தது. ஐந்தாம் எண் நறுமணம் 1921இல் வந்தது. உருவாக்கியவர் எர்னஸ்ட் போ.

கண்காட்சிச் சுவர்களில் சிறிய எழுத்தில் இருக்கும் பகுதியையும் சொல்ல வேண்டும். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது ஷனேல் ரிட்ஸ் விடுதியில் ஒரு ஜெர்மானிய அதிகாரியோடு வாழ்ந்தார். யூதர்களின் சொத்தைப் பறிக்கும் சட்டங்களைப் பயன்படுத்தித் தன் யூதக் கூட்டாளிகளிடமிருந்து நறுமண நிறுவனத்தைக் கைப்பற்ற முயன்றார், முடியவில்லை. 1954இல் மீண்டும் கடை திறந்தபோது பாரிஸ் இதழ்கள் முகம் சுளித்தன, அமெரிக்கர்கள் வாங்கினார்கள். ஊசியில் அவருக்கிருந்த தெளிவை மறுக்க முடியாது. அதற்காக மற்றதை மடித்து உள்ளே தைக்கவும் வேண்டியதில்லை.

தையற்கலை என்று பார்த்தால் யார் பெரியவர்?

என் ஓட்டு மதலேன் வியோனேவுக்கு. நம்மூர் டெய்லரிடம் 'கிராஸ் கட்டிங்' என்றால் உடனே புரியும்: நூல் ஓட்டத்துக்கு நேராக வெட்டாமல் மூலைவாட்டில் வெட்டுவது. அப்படி வெட்டினால் துணி ரப்பர் போல இழுபடும், உடம்போடு படியும். அதுவரை காலர், ஓரப்பட்டை என்று சின்னத் துண்டுகளுக்குப் பயன்பட்ட இந்த வெட்டை வியோனே முழு உடைக்கும் கொண்டுவந்தார். ஏறக்குறைய இரண்டரை அடி உயர மர பொம்மையில் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தே வடிவம் அமைப்பார். காகிதத்தில் வரைவது குறைவு. துணி ஆலைகளிடம் இரட்டை அகலத்தில் கிரேப் நெய்து தரச் சொன்னார், மூலைவாட்டில் வெட்ட அகலம் போதாது என்பதால்.

பட்டைகளில் தன் கட்டைவிரல் ரேகையைப் பதித்தார். ஒவ்வொரு உடையையும் கண்ணாடிகளுக்கு நடுவே நிறுத்திப் படமெடுத்து வைத்தார். திருட்டு நகல்தான் காரணம். நியூயார்க் கடைகள் ஒரு பாரிஸ் உடையை வாங்கி ஆயிரம் நகல் எடுத்தன. கூடத்தில் வேலை செய்த பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பும், மருத்துவ வசதியும் தந்தவர். 1939இல் கடையை மூடிவிட்டு, 1975 வரை அமைதியாக வாழ்ந்தார். ஷனேல் அளவுக்குப் பெயர் பரவவில்லை.

இரண்டாம் உலகப்போரில் பாரிஸ் ஆடைத்தொழில் எப்படித் தப்பியது?

1940இல் ஜெர்மானியர் தொழிற்சங்க அலுவலகத்துக்குள் புகுந்து ஆவணங்களை எடுத்துச் சென்றனர். உயர்தையல் தொழிலையே பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் பெயர்த்துக்கொண்டுபோவது திட்டம். சங்கத் தலைவர் லூசியான் லெலோங் பெர்லினுக்குப் போய் வாதாடினார். ஒரு பாரிஸ் உடை என்பது ஒரு வடிவமைப்பாளர் மட்டும் அல்ல, பொத்தான் செய்பவர், இறகு வேலைக்காரர், பூவேலைப் பெண், ரிப்பன்காரர் என்று தெருத்தெருவாகப் பரவிய கைகள். செடியைப் பிடுங்கலாம், தோட்டத்தைப் பிடுங்க முடியாது என்பதே வாதத்தின் சாரம். திட்டம் கைவிடப்பட்டது. கடைகள் திறந்திருந்ததால் யாருக்கு விற்றார்கள் என்ற சங்கடமான கேள்வியும் கூடவே நின்றது.

விடுதலைக்குப் பின் துணி இல்லை, நிலக்கரி இல்லை, வாங்க ஆள் இல்லை. அப்போது பாரிஸ் மீண்டும் பொம்மையை எடுத்தது. 1945 மார்ச்சில், கம்பியால் செய்த ஏறக்குறைய 70 செ.மீ. உயரப் பொம்மைகள் இருநூறுக்கும் மேற்பட்டவற்றுக்கு எல்லாப் பெரிய கூடங்களும் உண்மையான உடை தைத்தன. பொத்தான் கழற்றி மாட்டலாம், கைப்பை திறக்கும். லூவ்ர் கட்டடத்தின் ஒரு பகுதியில் கண்காட்சி வைத்தார்கள். பிறகு ஐரோப்பிய நகரங்களுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. பண்டோரா போன அதே வேலை, இருநூற்றைம்பது ஆண்டு கழித்து. பல பொம்மைகள் இன்றும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஹில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

டியோரின் 'நியூ லுக்' ஏன் அவ்வளவு பேசப்பட்டது?

1947 பிப்ரவரி 12, பாரிஸின் மொந்தேன் நிழற்சாலை, 30ஆம் எண். வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் டியோர் தன் முதல் தொகுப்பைக் காட்டினார். ஒடுங்கிய இடை, சரிந்த தோள், கணுக்காலை நோக்கி விரியும் பாவாடை. அமெரிக்க இதழாசிரியர் கார்மல் ஸ்னோ வாயிலிருந்து வந்த பெயர்தான் நியூ லுக். உண்மையில் அது பழைய தோற்றம். 19ஆம் நூற்றாண்டுப் பாட்டிகள் பார்த்திருந்தால் அடையாளம் கண்டிருப்பார்கள்.

பாவாடைக்குப் போன துணியின் அளவுதான் பிரச்சினை. பிரிட்டனில் துணிக்கு ரேஷன் இருந்த நேரம் அது. பாரிஸின் மோன்மார்த்ர் தெருவொன்றில் இந்த உடையோடு படம் எடுக்க வந்த பெண்ணைச் சந்தைப் பெண்கள் சூழ்ந்து உடையைக் கிழித்தார்கள். டியோருக்கு முதல் போட்டவர் மார்செல் பூசாக், பிரான்சின் பெரிய பருத்தி ஆலை அதிபர். பாவாடை அகன்றதற்கு அழகியல் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. ஆலை அதிபருக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

ரெடிமேட் உடைக்குப் பாரிஸ் எப்போது இறங்கி வந்தது?

பியேர் கார்தான் 1959இல் ஒரு பேரங்காடிக்காக ரெடிமேட் தொகுப்பு செய்தபோது சங்கத்தார் கொதித்தார்கள். ஆனால் தாழ்ப்பாளை முழுவதும் திறந்தவர் ஈவ் சான் லொரான். அல்ஜீரியாவின் ஒரான் நகரில் பிறந்தவர். டியோர் 1957இல் திடீரென இறந்தபோது 21 வயதில் அந்தக் கூடத்தின் பொறுப்புக்கு வந்தவர். 1966 செப்டம்பரில் செய்ன் ஆற்றின் இடக்கரையில் 'ரீவ் கோஷ்' என்ற ரெடிமேட் கடையைத் திறந்தார். அதே ஆண்டு பெண்களுக்காகச் செய்த 'ஸ்மோக்கிங்' கோட்டும் கால்சட்டையும் உயர்தையல் வாடிக்கையாளரிடம் எடுபடவில்லை. ரீவ் கோஷில் இளம்பெண்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 1800ஆம் ஆண்டு உத்தரவு அப்போதும் ஏட்டில் இருந்தது.

நம் ஊர்ப் பலகைகளில் இன்று தெருவுக்கு நான்கு 'பூட்டிக்' இருக்கின்றன. பிரெஞ்சில் அதற்கு வெறும் 'கடை' என்றுதான் பொருள். ஷிபான், ஜார்ஜெட், கிரேப் ஆகியவையும் பிரெஞ்சு வழியாக வந்த பெயர்களே. கூச் பெஹார் மகாராணி இந்திரா தேவி பிரான்சில் ஷிபான் நெய்வித்துச் சேலையாக உடுத்தத் தொடங்கியபோது அது அரண்மனை வட்டாரங்களுக்குப் பரவியது, பின்னர் எல்லோருக்கும்.

பாரிஸின் ஆதிக்கம் இன்றும் அப்படியே இருக்கிறதா?

விரிசல் விழுந்த நாளென்று பலர் சுட்டுவது 1973 நவம்பர் 28. வெர்சாய் அரண்மனையைப் பழுதுபார்க்க நிதி திரட்டும் விழாவில் ஐந்து பிரெஞ்சு வடிவமைப்பாளர்களும் ஐந்து அமெரிக்கர்களும் மேடையேறினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பெரும் மேடையமைப்போடு நீட்டி முழக்கினார்கள். அமெரிக்கர்கள் வெற்று மேடையில், பல கறுப்பினப் பெண்களை முன்னிறுத்தி, இசையோடு விறுவிறுவென்று முடித்தார்கள். கைதட்டல் அவர்களுக்கே. 1981இல் ரெய் கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும் ஜப்பானிலிருந்து வந்து கறுப்பும் கிழிசலுமான உடைகளைக் காட்டினார்கள். ஆனால் அவர்கள் காட்டியது பாரிஸில். இதுதான் பாரிஸின் கெட்டிக்காரத்தனம். வொர்த் ஆங்கிலேயர், பாலென்சியாகா ஸ்பானியர், ஸ்கியாபரெல்லி இத்தாலியர், ஷனேல் கூடத்தை 1983 முதல் 2019 வரை நடத்திய லாகர்ஃபெல்ட் ஜெர்மானியர். பந்தல் பாரிஸுடையது, படர்ந்த கொடிகள் பல ஊர்களுடையவை.

1987இல் உருவான எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமம் பழைய கூடங்களை வரிசையாக வாங்கியது. இன்று லாபம் பெரும்பாலும் கைப்பையிலும் நறுமணத்திலும்.

பாரிஸ் உடைகளின் பூவேலையை இந்தியாவில் செய்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. மும்பையில் பெரிய கூடங்களுக்கு மணி, சரிகை, பட்டு வேலை செய்யும் பட்டறைகள் பல உள்ளன. 2023 மார்ச்சில் டியோர் நிறுவனம் மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் தன் தொகுப்பைக் காட்டியபோது அங்குள்ள சாணக்யா பட்டறையின் கைவேலையை வெளிப்படையாக முன்வைத்தது. அதுவரை நெடுங்காலம் இந்தப் பெயர்கள் பட்டைக்குப் பின்னால்தான் இருந்தன. சென்னையிலும் ஒன்று உண்டு: பாரிஸின் புகழ்பெற்ற பூவேலைக் குடும்பமான லெசாஜைச் சேர்ந்த ழான் பிரான்சுவா லெசாஜ் 1993இல் இங்கே வஸ்திரகலா பட்டறையைத் தொடங்கினார். பிரெஞ்சு மாளிகைகளின் பழைய திரைகளையும் இருக்கை உறைகளையும் மீட்டெடுக்கும் பூவேலை சென்னையில் நடந்திருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. பாரிஸ் பூவேலைக்காரர்கள் பெருமையோடு காட்டும் 'லூனேவில் கொக்கி' என்பது, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் மேலிருந்து குத்திக் கீழிருந்து நூலை வாங்கிச் சங்கிலித் தையல் போடும் கொக்கி ஊசி. கலியாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்யும் பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள். அங்கே இருக்கும் ஆரி ஊசியும் அதே வேலையைத்தான் செய்கிறது. லூனேவில்காரர்கள் துணியைத் திருப்பிப் போட்டு மணியைக் கீழ்ப்பக்கம் கோப்பார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

பாரிஸுக்குப் போனால் எங்கே பார்க்கலாம்?

கலியேரா அரண்மனையில் நகராட்சியின் ஆடை அருங்காட்சியகம். மார்சோ நிழற்சாலை 5ஆம் எண்ணில் சான் லொரானின் பழைய கூடம். அவர் மேசை, பென்சில் எல்லாம் அப்படியே இருக்கும். மொந்தேன் நிழற்சாலையில் டியோர் காட்சிக்கூடம். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் ரயிலேறி ஜூயிக்குப் போங்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பூத்துணிகளைப் பார்த்துவிட்டு, சோழமண்டலக் கரை எங்கே என்று சுவரிலுள்ள விளக்கப் பலகைகளில் தேடிப் பாருங்கள்.